தங்கையின் தீவு

...எடுத்துக்கொண்டால்தான் என்ன, அந்த சார்டீனியா தீவில் அவள் பெயரா எழுதியிருக்கிறது, முதலில் போனவர் முதலில் எடுக்கிறார், இத்தாலிய வகுப்பின் வாய்மொழித் தேர்வுக்கு இதுதானே விதி, ஆளுக்கொரு இத்தாலிய மாநிலம், பிடித்ததைச் சொல்லலாம், ஆனால் ஒருவர் பேசியதை அன்று இன்னொருவர் பேசக்கூடாது. இத்தாலி போய்ப் படிக்க உதவித்தொகை ஒருவருக்குத்தான், மற்றவர்கள் வெறும் கூட்டம், போட்டி எனக்கும் என் தங்கைக்கும்தான். மாதக்கணக்காக சார்டீனியா, சார்டீனியா என்று உயிரை வாங்கினாள், பல் தேய்க்கும்போது சார்டீனியா, துணி மடிக்கும்போது சார்டீனியா, சுண்ணாம்பே இல்லாமல் அடுக்கிய கல் கோபுரங்கள், ஆடு மேய்ப்பவர்கள், யார் யாரோ வந்து ஆண்டுவிட்டுப் போன கதை, கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம், அது என் குற்றமா? நான் எடுத்திருந்த மாநிலம் பியெமோந்தே, அதில் என் படிப்பு அரைவேக்காடு. உள்ளே போனதும் வாய் தானாக சார்டீனியா என்றது... தானாகவா? சரி, தானாக இல்லை. தேர்வெடுக்கும் டீச்சரைக் கத்திரி என்போம், பாதியில் வெட்டுவதால். அவளே வெட்டாமல் கேட்டாள்.

வெளியே வந்தபோது தங்கை இந்த பெஞ்சில்தான் இருந்தாள், தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து நீட்டினாள். "நல்லா பண்ணியாக்கா?" "ஏதோ பண்ணேன்." எந்த மாநிலம் என்று கேட்டால் பியெமோந்தே என்று புளுகத் தயாராக இருந்தேன், கேட்கவில்லை, தப்பித்தேன். இப்போது அவள் உள்ளே. இந்தக் கதவு சரியாகச் சாத்தாது, ஒவ்வொரு சொல்லும் கேட்கிறது. சார்டீனியா என்பாள், அது ஆகிவிட்டது என்பாள் கத்திரி, இவள் திருதிருவென்று முழிப்பாள், முழிக்கட்டும், சின்ன வயதிலிருந்து அவள்தான் கெட்டிக்காரி என்று அம்மா வாய் ஓயாமல் சொன்னது போதும், ஒருநாளாவது அந்த நாக்கு ஒட்டிக்கொள்ளட்டும்...

"எந்த மாநிலம்?" என்கிறாள் கத்திரி.

"பியெமோந்தே."

என்னது? யோசிக்கக்கூட இல்லையே. பியெமோந்தே பற்றி இவளுக்கு என்ன தெரியும், நான் சமையலறையில் உளறியது தெரியும், அவ்வளவுதான். தடுமாறுகிறாள், ஆல்ப்ஸ் மலை, அரச குடும்பம், இத்தாலி ஒன்றானபோது அங்கிருக்கும் தூரின்தான் முதல் தலைநகரம், பிறகு நேராக ரோம் என்கிறாள், சரிதான் என்று நானும் தலையாட்டுகிறேன். "நடுவுல ஃபிளாரன்ஸ் எங்க போச்சு?" வெட்டிவிட்டாள் கத்திரி. என் தப்பு அது, என்னிடம் கேட்டுக் கற்ற தப்பு. ஜெயித்துவிட்டேன், வயிறு குளிர்கிறது, ஆமாம், குளிரத்தான் செய்கிறது... ஆனால் ஒருமுறைகூட சார்டீனியா என்று அவள் வாயெடுக்கவில்லையே, ஏன்? நான் உள்ளே அவளுடைய கோபுரங்களை ஒவ்வொன்றாக அடுக்கியபோது அவள் உட்கார்ந்திருந்தது இதே பெஞ்சு, இதே கதவு. அதன் பிறகுதான் எனக்காக பாட்டில் மூடியைத் திறந்திருக்கிறாள். எந்த மாநிலம் என்று அவள் கேட்கவே இல்லை.