வாத்து முட்டை வந்த வழி

அந்த வெளிநாட்டுக்காரி எங்கள் வரிசையை மூன்றாவது தடவை கடந்தபோது தியாவ் பெரியப்பா வாயைத் திறந்தார்.

"டேய், இந்த அக்கா வாக்கிங் போகுதா, இல்ல வேவு பார்க்குதா?"

"எனக்கென்ன தெரியும்."

இரவு முழுக்க நாற்பது லிஃப்டுகளின் திரைகளைப் பார்த்துவிட்டு வந்தவன் நான். யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் பட்டனை அழுத்தி, "பயப்படாதீங்க, ஆள் வந்துக்கிட்டிருக்கு" என்று சொல்ல வேண்டும். அதுதான் வேலை. மூன்றாம் வருடத்தில் பொறியியலை விட்டவனுக்கு அதற்கு மேல் பொறுப்பு யாரும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. காலை எட்டு மணிக்கு எனக்கு வேண்டியது முட்டை ஊற்றிச் சுட்ட மெல்லிய அடை, ஒரு ஜியன்பிங், பிறகு படுக்கை. கையில் இரண்டு முட்டை வைத்திருந்தேன். முன்னால் நின்ற நாலு பேர் கையிலும் முட்டை. தியன்ஜினில் மாவு கடைக்காரியுடையது, முட்டை நம்முடையது. அடுத்தவள் முட்டையை நம்பிச் சாப்பிடுகிற ஊர் இதுவல்ல.

அவள் நின்றாள். ஐம்பது வயதிருக்கும். மழைக்கோட்டு, கலைந்த நரைமுடி. சூரியனைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், பிறகு எங்களைப் பார்த்தாள்.

"வணக்கம். தயவுசெய்து கூறுங்கள், வடக்கு எந்தத் திசையில் உள்ளது?"

செய்தி வாசிக்கிறவர்கள் பேசுகிற சீனம். வரிசையில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவள் பேச்சினால் அல்ல, கேள்வியினால். ஆறு வளைகிற பக்கமெல்லாம் வளைந்து போட்ட தெருக்கள் எங்களுடையவை. இங்கே இடது உண்டு, வலது உண்டு. வடக்கு தெற்கெல்லாம் பெய்ஜிங்காரர்களுக்கு.

"வடக்கா..." என்று தியாவ் பெரியப்பா தலையைச் சொறிந்தார். "அக்கா, அது இந்தப் பக்கம் கிடைக்காது."

எழுபது வயதுக்காரர் தன்னை அக்கா என்றதும் அவள் பின்னால் திரும்பி யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள். இங்கே பல் முளைத்த பெண்கள் எல்லாருமே அக்காதான். அவளுக்கு யார் சொல்வது.

கேட்டுக் கேட்டு விஷயம் வெளியே வந்தது. பெயர் மனானா. ஜார்ஜியாவில் குத்தைசி என்ற ஊரில் பல் டாக்டர். விடுதி ஜன்னலிலிருந்து மூன்று நாளாகப் பார்த்திருக்கிறாள், காலையில் மனிதர்கள் முட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் போகிறார்கள். அவள் ஊரில் முட்டையோடு நடப்பது பண்டிகை நாளில் மட்டும்தானாம். இன்று ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாள். போவதற்குள் அந்தச் சடங்கைப் பார்த்துவிடலாம் என்று, செருப்பை மாட்டிக்கொண்டு ஒரு முட்டைக்காரரின் பின்னாலேயே வந்துவிட்டாள். ஐந்து நிமிட வேலை என்று நினைத்து போனை அறையில் சார்ஜில் விட்டுவிட்டாள். பாஸ்போர்ட்டும் பெட்டியும் அங்கேதான். முட்டைக்காரர் சாப்பிட்டுவிட்டு எங்கோ போய்விட்டார். விடுதி வடக்கே என்று கணக்குப் போட்டு, சூரியனை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரமாக நடக்கிறாள். ஒவ்வொரு தடவையும் இந்த ஜியன்பிங் வண்டி முன்னால்தான் வந்து நிற்கிறாள்.

"எனது தொடர்வண்டி மேற்கு நிலையத்திலிருந்து ஒன்பது பதினைந்துக்குப் புறப்படும். அதைத் தவறவிட்டால் விமானமும் தவறும். அடுத்த விமானம் ஒரு வாரம் கழித்து."

மணி எட்டு ஆறு. ஸ்டேஷனுக்கு டாக்ஸியில் இருபது நிமிடம். எட்டு நாற்பதுக்குள் பெட்டியோடு அவள் டாக்ஸி ஏறியாக வேண்டும்.

"விடுதி பேரு?" என்றேன்.

"எட்டுக் குதிரைகள்."

போனில் தேடினேன். எட்டுக் குதிரைகள் சுற்றுவட்டாரத்தில் மட்டும் ஏழு இருந்தன. ஒரே பெயர், ஒரே நிறப் பலகை. இரண்டு இடத்துக்குப் போன் போட்டேன். ஒருவன் எடுக்கவில்லை, இன்னொருத்தி தங்கியிருப்பவர் விவரம் சொல்ல மாட்டோம் என்று வைத்துவிட்டாள்.

"ஏழுதானே, நான் கூட்டிட்டுப் போறேன்," என்றார் பெரியப்பா. "முதல்ல ஆஸ்பத்திரிகிட்ட இருக்கிறது. அதுவாத்தான் இருக்கும்."

"எப்படித் தெரியும்?"

"ஒரு இது சொல்லுதுடா."

"உங்க இது சொல்லித்தான் போன மாசம் கல்யாண வீடுன்னு சாவு வீட்டுக்குப் போனீங்க. ஒண்ணுக்குத்தான் நேரம் இருக்கு. ஏழுக்கு இல்ல."

கடைக்காரி மூ அக்கா இதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டே இருந்தாள். கல்லில் மாவை இழுத்துக்கொண்டிருந்தாள். முட்டையை உடைத்தாள், பரப்பினாள், எள்ளைத் தூவினாள், திருப்பிப் போட்டாள். பிறகு தலை நிமிராமல் கேட்டாள்:

"அந்த ஆளு கையில என்ன முட்டை?"

மனானா கண்ணை மூடி யோசித்தாள். "ஒன்று பழுப்பு. மற்றொன்று வெளிறிய நீலம். சிவப்புக் குவளையில் வைத்திருந்தார்."

"வாத்து முட்டை," என்றாள் மூ அக்கா. "ஒரு வாத்து, ஒரு கோழி. காரம் வேண்டாம், வெங்காயத்தாள் அள்ளிப் போடணும். ஆறு அம்பதுக்கு வருவாரு."

"பேரு என்னக்கா?"

"பேரு எதுக்கு? வாத்து முட்டைன்னா வாத்து முட்டை. உன் பேரு எனக்குத் தெரியுமா? நீ ரெண்டு சின்ன முட்டை, தூங்குமூஞ்சி."

வரிசை சிரித்தது.

"சரி, வீடு எங்க?"

"தெரியாது." கரண்டியை நிறுத்தினாள். மூ அக்கா கரண்டியை நிறுத்தி நான் பார்த்ததில்லை. "ஆனா ஒண்ணு தம்பி. வீட்டுச் செருப்புலதான் வருவாரு. போன வாரம் மூணு நாள் கொட்டுச்சுல்ல? அந்த மூணு நாளும் குடை இல்ல. செருப்பு காஞ்சு இருந்துச்சு."

ஒரு நிமிடம் எல்லோரும் காய்ந்த செருப்பைப் பற்றி யோசித்தோம்.

"கூரை போட்ட சந்தை," என்றேன்.

"அதேதான். சந்தைக்குள்ள புகுந்து வர்றாரு. இந்த வாசல்ல வெளிய வந்தா என் வண்டி பத்தடி."

மனானாவின் முகம் மலர்ந்தது. "ஆம்! மீன்கள் இருந்தன! மிகப் பெரிய மீன்கள்! ஒன்று தரையில் துள்ளியது!"

"அடப்பாவி," என்றார் பெரியப்பா, "முதல்லயே சொல்லக்கூடாதா?"

"நீங்கள் மீன்களைப் பற்றிக் கேட்கவில்லை."

போனில் பார்த்தேன். ஏழில் ஒன்று சந்தையின் அந்தக் கோடி வாசலுக்கு எதிரே நின்றது. எட்டுப் பதினெட்டு.

முட்டை இரண்டையும் மூ அக்காவின் மேடையில் வைத்தேன். "என் இடம் இருக்கட்டும்."

"இடமெல்லாம் இருக்காது. முட்டை இருக்கும்."

என் மின்ஸ்கூட்டரின் பின்சீட்டில் அவளை ஏறச் சொன்னேன். ஏறினாள். என் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. வாயில் வந்தது இரவு வேலையின் வாக்கியம்தான்.

"பயப்படாதீங்க, ஆள் வந்துக்கிட்டிருக்கு."

"யார் வருகிறார்?"

"நான்தான்."

சந்தைக்குள் ஸ்கூட்டர் ஓட்டக் கூடாது. ஓட்டினேன். முள்ளங்கிக்காரி என் வம்சத்தை இழுத்துத் திட்டினாள். மனானா அவளைப் பார்த்துத் தலை குனிந்து "மன்னிக்கவும்" என்றாள். திட்டு பாதியில் நின்றது. பூண்டு மூட்டை, வாளி நிறைய நண்டு, ஈரத் தரை. மீன் கடை வந்ததும் அவள் என் தோளைத் தட்டினாள். "இவைதான் அந்த மீன்கள்!" பழைய சிநேகிதர்களைப் பார்த்தவள் மாதிரி கையாட்டினாள். மீன்காரன் கத்தியோடு பதிலுக்குக் கையாட்டினான். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். பின்சீட்டில் ஒருத்தி குலுங்கிச் சிரித்தால் ஸ்கூட்டர் நேராகப் போகாது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எவ்வளவு நாளாகிறது என்று கணக்குப் பார்க்கவில்லை.

கோடி வாசல். எதிரே எட்டுக் குதிரைகள். அவள் அண்ணாந்து பார்த்தாள். எட்டாம் மாடி ஜன்னலில் ஒரு மஞ்சள் துண்டு உலர்ந்துகொண்டிருந்தது.

"அது என்னுடைய துண்டு," என்றாள். ஓடினாள்.

எட்டு முப்பத்தொன்று. ஒரு டாக்ஸியை மறித்து நிறுத்தினேன். ஓட்டுகிறவள் கழுத்தில் துண்டு போட்ட தடித்த பெண். "எவ்வளவு நேரம் நிக்கணும்?" என்று சீறினாள். அப்போது சந்தைக்குள்ளிருந்து மணி அடித்துக்கொண்டு தியாவ் பெரியப்பா சைக்கிளில் வந்தார். ஒரு கையில் ஹேண்டில்பார், மறு கையில் காகிதப் பை. ஆவி பறந்தது.

"மூ கொடுத்தா. வெளிநாட்டு அக்காவுக்கு."

வாங்கிப் பார்த்தேன். சுடச்சுட ஜியன்பிங், உள்ளே இரண்டு முட்டை, சின்னவை.

"பெரியப்பா, இது என்னோடது."

"உன்னோடதுதான். அந்த அக்காகிட்ட முட்டை ஏது?"

மனானா பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். ஒரு கையில் பாஸ்போர்ட், தோளில் ஈரத் துண்டு. எட்டு முப்பத்தேழு. பெட்டியை டிக்கியில் எறிந்தேன். அவள் சீட்டில் உட்கார்ந்து ஜியன்பிங்கைக் கடித்தாள். கன்னம் உப்ப, கண்ணை மூடி மென்றாள்.

"சடங்கு நல்லது," என்றாள். அவள் சொன்னதில் அதுதான் சுருக்கமான வாக்கியம்.

பெரியப்பா ஜன்னலுக்குள் தலையை விட்டார். "அக்கா, பல் டாக்டர்னு சொன்னீங்க. இந்தக் கடவாய்ப் பல்லு..." என்று வாயைப் பிளந்தார்.

"பெரியப்பா, ரயில்!"

அவள் ஒரு நொடி எட்டிப் பார்த்தாள். "பிடுங்கிவிடுங்கள்."

"அவ்வளவுதானா?"

"இன்றே."

டாக்ஸிக்காரி ஹாரனில் கை வைத்தாள். "ஸ்டேஷன்னா எந்த ஸ்டேஷன்?"

மனானா போனைப் பார்த்தாள். "மேற்கு நிலையம்."

"மேற்கு ஸ்டேஷன் தெரியும். இந்தச் சந்துலேர்ந்து எப்படி வெளிய போறது? அந்தப் பக்கம் தோண்டிப் போட்டிருக்கான்."

நான் வாயைத் திறந்தேன். பெரியப்பா திறந்த வாயை இன்னும் மூடவில்லை. எங்களுக்கு முன்னால் மனானா ஜியன்பிங்கோடு கையை நீட்டினாள். இந்தத் தெருக்களில் ஒரு மணி நேரம் சுற்றியவள் அவள்.

"இடது பக்கம் போங்க, அக்கா! அப்புறம் மறுபடி இடது!"

டாக்ஸிக்காரி திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தாள். "யாருடி இது, பக்கத்து வீட்டுக்காரி மாதிரி?" வண்டி இடது பக்கம் திரும்பியது. சரியான பக்கம்தான். டாக்ஸி ஜன்னலில் மஞ்சள் துண்டு படபடத்தது.

திரும்பி வந்தபோது வரிசையில் பதினோரு பேர். கடைசியில் போய் நின்றேன். வாத்து முட்டையால் வெளிநாட்டு அக்கா ரயிலுக்குப் போய்ச் சேர்ந்த கதையை மூ அக்கா முன்னால் நிற்கிறவர்களுக்கு ஏற்கெனவே இரண்டு தடவை சொல்லிவிட்டாள் போலிருந்தது. கதையில் ஸ்கூட்டர் ஓட்டியவன் யாரோ ஒரு தூங்குமூஞ்சி.

என் முறை வந்தது.

"முட்டை?" என்றாள்.

"அக்கா, என் முட்டையைத்தான் நீ..."

"அது அங்க போயிடுச்சு. இப்போ எங்க?"

பின்னால் நின்ற தியாவ் பெரியப்பா ஒரு முட்டையை என் கையில் திணித்தார். "டேய், இந்தா. எப்படியும் இன்னைக்குப் பல்லு பிடுங்கப் போறேன்."