எஸ் மாதிரி வளைந்த கம்பி

அருங்காட்சியகத்தில் பொருள்களுக்கு விவரச் சீட்டு எழுதுவதுதான் அவள் உத்தியோகம். ஏழு வருடத்தில் தன் சீட்டு ஒன்றைக்கூட யாரும் திருத்தியதில்லை என்று உள்ளூரக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

யாரோ கொடுத்துவிட்டுப் போன பழைய தகரப்பெட்டியில் சாண் நீளம் தாண்டாத பதினொரு கருவிகள் வந்து சேர்ந்தன. கட்டைவிரல் அளவே இருந்த, மரம் சீவும் பித்தளை இழைப்புளிக்கு, ‘குழந்தைகள் விளையாட்டுப் பொருள்’ என்று எழுதினாள். எஸ் எழுத்து மாதிரி வளைந்து, ஒரு முனை மட்டும் கூராக இருந்த எஃகுக் கம்பிதான் என்னவென்று பிடிபடவில்லை. படம் எடுத்துப் போய் நாத்தனாரிடம் காட்டினாள். நாத்தனார் பல் டாக்டர்.

“இது எங்க சாமான் அண்ணி. கடைவாய்ப் பல்லுக்குப் பின்னாடி சுரண்டுறது,” என்று அடித்துச் சொன்னாள் நாத்தனார். சீட்டும் அப்படியே எழுதப்பட்டது.

கண்காட்சி திறந்த அன்று, தடித்த ஆள் ஒருவர் அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்று குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். அவள் போய் விசாரித்தாள்.

“தப்பா நினைக்காதீங்க மேடம். நான் வயலின் ரிப்பேர் பண்றவன். அந்த இழைப்புளியோட அடிப்பக்கத்தப் பாத்தீங்களா?”

எடுத்துத் திருப்பினாள். முட்டைபோல் வளைந்திருந்தது. வயலின் பலகையின் உட்புறத்தைக் குழிவாகச் செதுக்கத்தான் அந்த வளைவு என்றார் அவர். “பொம்மைக்கு எவன் இவ்வளவு மெனக்கெடுவான்? எல்லாம் ஒரே பெட்டியில வந்ததுதானே?”

அவளுக்கு முகத்தில் அசடு வழிந்தது. இத்தனை நாள் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தாளே தவிர, எல்லாம் சேர்ந்து வந்த தகரப்பெட்டியை ஒருமுறைகூட நினைக்கவில்லை.

“அப்ப இந்தக் கம்பி?”

“வயலினுக்குள்ள சின்ன மரத்தூண் ஒண்ணு நிக்கும். அதக் குத்தி எடுத்து, துளை வழியா உள்ள விட்டு நிறுத்துறது.”

“யார் சொன்னது?” என்று பின்னாலிருந்து கேட்டது நாத்தனாரின் குரல். மருத்துவமனையிலிருந்து நான்கு பேரை வேறு கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். “நிரூபிக்கட்டும் பாப்போம்.”

அவர் தெருமுனையில் இருந்த தன் கடைக்குப் போய் ஒரு வயலினும், தன்னுடைய கம்பியும் எடுத்து வந்தார். அச்சு அசலாக அதே கம்பி, புதுசு. குறுகலான துளை வழியாகத் தூணை நுழைத்து, மணிக்கட்டைச் சற்றே திருப்பினார். தூண் நின்றுவிட்டது.

நாத்தனார் கிட்டே வந்து துளைக்குள் எட்டிப் பார்த்தாள். “இருட்டுல, விரல் போகாத இடத்துல வேலை. நான் தினம் செய்யுறதுதான். இங்க குடுங்க.”

மூன்று தடவை தூண் உள்ளே விழுந்து உருண்டது. நான்காவது தடவை நின்றது. கூட வந்தவர்கள் கைதட்டினார்கள். வயலின்காரர் குனிந்து துளைக்குள் பார்த்துவிட்டு, “கொஞ்சம் சாய்வு. ஆனா நான் கத்துக்க ஒரு மாசம் ஆச்சு,” என்றார்.

பெட்டியிலிருந்த மற்றவற்றையும் அவரே ஒவ்வொன்றாக விளக்கினார். பத்துக்குப் பெயர் கிடைத்தது. பதினோராவது, பல்வரிசை வைத்த குட்டிச் சக்கரம், அவருக்கும் தெரியவில்லை.

அன்று மாலையே புதுச் சீட்டுகள் எழுதி முடித்தாள். சக்கரத்துக்கு மட்டும் ‘எங்களுக்குத் தெரியவில்லை, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்’ என்று எழுதிப் பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் வைத்தாள். ஒரே வாரத்தில் நோட்டு பாதி நிறைந்தது. தோல் தைப்பவர் ஒருவர், புத்தகம் கட்டுபவர் ஒருவர், ஆளுக்கொரு பயன் எழுதியிருந்தார்கள். மதியச் சாப்பாட்டின்போது அதைப் பிரித்து வைத்துக்கொண்டு, தனக்குத்தானே சிரித்தபடி ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தாள்.