தூணுக்குப் பிடித்த இரைச்சல்

பாட்டின் நடுவில் தன் பேஸ் கிடார் செத்துப்போனதை அரங்கத்தில் ஒருவர்கூடக் கவனிக்கவில்லை என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

கிடார் வாயடைத்துப் போயிருந்தது. விரல்கள் மட்டும் பழக்க தோஷத்தில் கம்பிகளை இழுத்துக்கொண்டிருந்தன. முன்னால் அண்ணன் மைக்கைக் கட்டிப்பிடித்தபடி பாடினான். பக்கவாட்டில் அண்ணி கீபோர்டு வாசித்தாள். டிரம்ஸ்காரர் கண்ணை மூடிக்கொண்டு வெளுத்து வாங்கினார். கூட்டம் கை தட்டியது. மேடையை விட்டு இறங்கியதும் அண்ணன், "இன்னிக்கு அமர்க்களம்!" என்றான்.

"என் கிடார் பாதியிலேயே படுத்துடுச்சுண்ணா."

"அப்படியா?" என்று கேட்டுவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தான். அவ்வளவுதான்.

பகலில் அவள் பல் கட்டும் கூடத்தில் வேலை பார்த்தாள். மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளில் மெழுகு ஊற்றி, அரத்தால் ராவி, முகம் தெரியாதவர்களின் வாய்க்குப் பல் செய்வாள். வார இறுதியில் அண்ணனின் இசைக்குழுவில் பேஸ் வாசிப்பாள். குழுவில் அவளுக்குத் 'தூண்' என்று பெயர். டிரம்ஸுக்குப் பின்னால் ஆடாமல் அசையாமல் நிற்பதால் அண்ணன் வைத்தது. "தூண் இருக்கறது யார் கண்ணுக்கும் தெரியாது, மண்டபம் நிக்கறதுதான் தெரியும்" என்று அவள் ஒரு தடவை குத்திக் காட்டினாள். அண்ணன் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டு மேடையில் அறிவிப்பாகவே சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

அடுத்த ஒத்திகைக்கு அவன் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தான். உள்ளே பளபளவென்று இரண்டு கறுப்புக் கட்டைகள், ஒரு பேட்டரி. பிக்கப்புகள். கம்பிகளுக்கு அடியில் படுத்துக்கொண்டு, கம்பி அதிர்வதை வாங்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பும் காந்தச் சுருள்கள். பேஸ் கிடாருக்குக் காது அதுதான் என்று வைத்துக்கொள்ளலாம். அவளுடைய கிடாரில் செவிடாகிப் போனது அதுவே.

"புது மாடல். மாட்டினா சிங்கம் மாதிரி உறுமும். எல்லாக் குழுவுலயும் இதைத்தான் போடறாங்க. நாளைக்கே மாட்டிடு."

"நான் இன்னும் கேட்டே பாக்கலையே."

"கேக்க என்ன இருக்கு? நான் விசாரிச்சுட்டுத்தான் வாங்கினேன்."

"மாப்பிள்ளையையே நீ பாத்து வச்சு நான் வேண்டாம்னவ. இதை மட்டும் கண்ணை மூடிட்டுக் கட்டிக்குவேனா?"

டிரம்ஸ்காரர் குபீரென்று சிரித்தார். அண்ணனுக்கு முகம் சுருங்கியது. "நீ பிடிச்ச முயலுக்கு எப்பவும் மூணு காலு" என்றான்.

"என் முயல். காலை நானே எண்ணிக்கறேன்."

கிடார் பழுது பார்ப்பவரின் கடை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. எந்நேரமும் ஈயப் புகை மணப்பதால் அவருக்கு 'ஈயம்' என்றே பெயர். சுவரில் கழுத்து மாட்டித் தொங்கும் கிடார்கள், மேசையில் பூதக்கண்ணாடி விளக்கு, மருந்து டப்பாக்களில் திருகாணிகள். அவள் கிடாரைத் திறந்து பார்த்துவிட்டு, ரெண்டு சுருளுமே போயாச்சு என்று உதட்டைப் பிதுக்கினார். அண்ணன் கொடுத்த பெட்டியை அவள் நீட்டினாள். "இதையும் கேப்போம், பாவம். ஆனா வேற என்ன இருக்குன்னும் காட்டுங்க."

அவர் இழுப்பறையிலிருந்து இரண்டு ஜோடிகளை எடுத்து வைத்தார். இரண்டுமே பழைய பாணி. முதல் ஜோடியில் கம்பிச் சுற்று அதிகம். இரண்டாவதில் குறைவு, காந்தமும் மென்மையானது. ஒயர்கள்கூடத் துணி சுற்றியவை.

"பழசுன்னு பேருதாம்மா, போன மாசம் செஞ்சது. அந்தக் காலத்து அளவுல சுத்தியிருக்காங்க, அவ்ளோதான். சத்தம் கம்மி. அதுவும் இந்த ரெண்டாவது இரையும். ரெண்டு பிக்கப்பையும் சமமா திறந்து வச்சா அடங்கிடும். ஒண்ணை மட்டும் தனியா திறந்தா 'ம்ம்ம்'னு முனகும். சும்மா போற ஓணானை எதுக்கு மடியில கட்டிக்கணும்? அண்ணன் சொல்றதையே போடுங்க."

"மூணையும் மாட்டிக் காட்டுங்க. எது எதுன்னு சொல்லாதீங்க. நான் சுவத்தைப் பாத்து உக்காந்துக்கறேன்."

"மூணையுமா? ஈயம் வச்சு எடுக்கறதுக்குள்ள எனக்கு விரல் வெந்துடும்மா."

"நான் லீவு போட்டுட்டு வந்திருக்கேன்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே சூட்டுக்கோலை எடுத்தார். முதலில் ஒரு ஜோடியை மாட்டியதும் அவள் சுவரைப் பார்த்தபடி வாசித்தாள். அறையே அதிர்ந்தது. மெதுவாகத் தொட்டாலும் அதே சத்தம், அழுத்தி இழுத்தாலும் அதே சத்தம். நான்கு கம்பியும் ராணுவ அணிவகுப்புபோல் ஒரே உயரத்தில் வந்து நின்றன.

"அண்ணன் வாங்கினது" என்றாள்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நான் பல் கட்டறவ. எல்லாம் ஒரே சீரா இருந்தா பொய்ப்பல்னு ஊருக்கே தெரிஞ்சுடும். அதுக்குன்னே ஒண்ணை லேசா திருப்பி வைப்போம்."

இரண்டாவது ஜோடி இதமாகத்தான் இருந்தது. ஆனால் தடித்த கம்பியில் இறங்கும்போது கம்பளிக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஒலி மங்கியது. அவள் தலையை ஆட்டினாள்.

மூன்றாவதை மாட்டியதும் முதலில் ஏமாற்றமாக இருந்தது. அவ்வளவு சன்னம். ஒலிபெருக்கியின் குமிழைத் திருகி ஏற்றிவிட்டு, மெதுவான பாட்டு ஒன்றின் முதல் சுரத்தை இழுத்தாள். விரலின் சதை கம்பியில் படுவது கேட்டது. நகம் உரசியது கேட்டது. சுரம் மலர்ந்து, நின்று, மெல்லத் தேய்ந்து மறைவது கேட்டது. இன்னும் மெதுவாகத் தொட்டாள். கிடாரும் அவளோடு குரலைத் தாழ்த்திக்கொண்டது. அழுத்தி இழுத்தாள், சீறியது. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை வருடமாகத் தன் விரல்கள் இதையெல்லாம் செய்துகொண்டிருந்தன என்பதே அவளுக்குத் தெரியாது.

"இரையும்னு சொன்னது இதுதாம்மா. தப்பெல்லாம் பளிச்சுனு தெரியுதே" என்றார் ஈயம். "இப்ப மூணாவது கம்பியில கொஞ்சம் வழுக்கினீங்க."

"தெரியட்டும். இத்தனை நாளா தப்பும் தெரியல, சரியும் தெரியல. இதையே நிரந்தரமா வச்சுடுங்க."

அடுத்த நிகழ்ச்சி ஒரு நிறுவனத்தின் ஆண்டு விழா. மதியமே மேடையில் ஒத்திகை. வேகமான பாட்டுகளில் இரண்டு பிக்கப்பையும் திறந்து வைத்ததால் எந்த வம்பும் இல்லை, பெட்டியைப் பற்றி அண்ணன் கேட்கவும் இல்லை. மெதுவான பாட்டு வந்தது. அவள் முன் பிக்கப்பை மட்டும் திறந்து வைத்தாள். விளக்குக்காரர் சரியாக அந்த நேரம் பார்த்து வெளிச்சத்தைத் தணித்தார்; விளக்கைத் தணிக்கும் மின்சாரம் ஒற்றைப் பிக்கப்புக்கு ஆகாது. 'ம்ம்ம்ம்' என்று மண்டபம் முழுக்க ஒரு இரைச்சல் கிளம்பியது, கூரைக்குள் யாரோ தேன்கூட்டைக் கலைத்துவிட்ட மாதிரி.

அண்ணன் பாட்டை நிறுத்தினான். "என்னது அது?"

"என் பிக்கப்."

"நான் வாங்கிக் கொடுத்தது இரையாதே!"

"அதை மாட்டலை."

அண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "ரெண்டையும் திற, இல்ல சத்தத்தைக் குறை."

"ரெண்டையும் திறந்தா இந்தப் பாட்டுக்கு எனக்கு வேண்டிய குரல் வராது. குறைக்கவும் மாட்டேன்."

"அப்ப இறங்கு. அண்ணி இடது கையாலயே பேஸ் வாசிச்சிடுவா. கீபோர்டுல அந்தச் சத்தம் ரெடியா இருக்கு."

எல்லாரும் அண்ணியைப் பார்த்தார்கள். அண்ணிக்கும் அவளுக்கும் என்றைக்குமே ஒத்துப்போனதில்லை. வீட்டில் ஒரு கரண்டி இடம் மாறினால்கூட நாத்தனாரின் கைவேலை என்பாள் அண்ணி. இன்றைக்கு வசமாக மாட்டிக்கொண்டோம் என்றுதான் இவள் நினைத்தாள்.

அண்ணி கீபோர்டிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "என் இடது கைக்கு வேற வேலை இருக்கு."

"என்ன வேலை?"

"அது வாசிக்கறது உங்க காதுல என்னிக்காவது விழுந்திருந்தா இப்படிக் கேப்பீங்களா?" பிறகு இவள் பக்கம் திரும்பி, "உன்மேல பாசம்னு நினைச்சுக்காத. எனக்கு என் கை வேணும்" என்றாள்.

"சரிங்க அண்ணி" என்றாள் அவள். சிரிப்பை அடக்கப் பெரும்பாடாகிவிட்டது.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தாள். தான் அண்ணி பக்கம் திரும்பியபோது இரைச்சல் கொஞ்சம் தணிந்திருந்தது. மறுபடி நேராக நின்றாள், கூடியது. கிடாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒயரை இழுத்தபடி மேடையில் நடக்க ஆரம்பித்தாள். டிரம்ஸுக்குப் பின்னால், விளக்கு ஒயர்கள் ஓடும் அவளுடைய வழக்கமான மூலையில்தான் கூச்சல் அதிகம். முன்னால் வர வர அடங்கியது. அண்ணனின் மைக்குக்கு ஒரு முழம் தள்ளி, அவனைப் பார்த்துப் பக்கவாட்டில் நின்றபோது இரைச்சல் துடைத்தெடுத்த மாதிரி போயே போய்விட்டது.

"இங்க இல்லை பாரு. நான் இங்கதான் நிப்பேன்."

"அது என் இடம்!"

"மேடை அகலமாத்தான் இருக்கு. ரெண்டடி தள்ளி நில்லு."

"தூண் எங்கயாவது முன்னால வந்து நிக்குமா?"

"நான் தூண் இல்லைண்ணா. நீ வச்ச பேரு அது."

அண்ணன் டிரம்ஸ்காரரைப் பார்த்தான். அவர் குச்சியால் காதைச் சொறிந்துகொண்டு கூரையைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தான். அவள் கை மடியிலேயே இருந்தது. வேறு வழியில்லாமல் மைக் கம்பத்தைப் பிடித்து இழுத்தான். அது தரையில் கிறீச்சிட்டது.

மாலை நிகழ்ச்சியில் மெதுவான பாட்டு வந்தபோது அவள் முதல் சுரத்தை இழுத்தாள். அண்ணன் பாட வாயெடுத்தவன் ஒரு கணம் தாமதித்தான். பிறகு வழக்கத்தைவிடச் சன்னமாக ஆரம்பித்தான். எப்போதும் கத்திக் கடக்கிற இடத்தில் அவன் குரல் இறங்கி வந்து அவளுடைய சுரத்தின் மேல் உட்கார்ந்தது. அவன் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாவது சரணத்தில் அவள் விரல் வழுக்கியது. அது நன்றாகவே கேட்டது. அவள் தலையைக் குனியவில்லை. அடுத்த சுரத்தை இன்னும் அழுத்தி வைத்தாள்.

முடிந்ததும் ஒயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தவளிடம் அண்ணன் வந்தான். "ரெண்டாவது சரணத்துல தப்பு விட்ட."

"ஆமா. நீயும் ஒரு இடத்துல சுருதி விட்ட. எனக்கும் கேட்டுது."

அவன் மைக் கம்பத்தை மடக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஒரு வாரம் கழித்து, எதுவுமே நடக்காத மாதிரி, அடுத்த ஒத்திகை எத்தனை மணிக்கு என்று கைபேசிக் குழுவில் தகவல் அனுப்பினான். கூடவே, இனிமேல் மெதுவான பாட்டு வேண்டாம் என்றும் எழுதியிருந்தான். அதற்கு அண்ணி முந்திக்கொண்டு குழுவிலேயே பதில் போட்டிருந்தாள், மெதுவான பாட்டு இல்லையென்றால் நானும் இல்லை என்று.

இப்போதெல்லாம் எந்த மண்டபத்துக்குப் போனாலும் அவள்தான் முதலில் மேடை ஏறுகிறாள். கிடாரை மாட்டிக்கொண்டு, ஒரு பிக்கப்பை மட்டும் திறந்துவைத்து, இரைச்சல் அடங்கும் இடத்தைத் தேடி அங்கும் இங்கும் நடக்கிறாள். கிடைத்த இடத்தில் தரையில் ஒட்டுநாடாவைக் குறுக்காக ஒட்டுகிறாள். அண்ணன் கீழே நின்று, "பாதிக் கச்சேரி இவ நடக்கறதுலயே போகுது" என்று கத்துகிறான். "மீதிப் பாதியில நீ பாடு" என்கிறாள் அவள், நாடாவைக் காலால் தேய்த்து அழுத்தியபடி.