அங்கிள் பங்கு மாலை

கேத்தரின் ஆன்ட்டி போன் செய்தபோது நான் அவருடைய கணவரின் காலிலிருந்து சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஒரு கால் முடிந்திருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு ரயிலை விட்டுப் பிளாட்பாரத்தில் இறங்கி நின்றார். விருந்தினர் படுத்துவிட்டால் செருப்பு, சாக்ஸ், கண்ணாடி எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் எடுத்துவைக்கவேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். செத்துப்போனால் என்ன செய்யவேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

"கிளெமென்ட், சாப்பிட்டாரா மேன் உங்க அங்கிள்?"

"தூங்குறாரு ஆன்ட்டி."

அது எப்படி வாயில் வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. அவ்வளவு சுத்தமாக வந்தது.

"நல்லது, எழுப்பாத. இங்க கேளு, எங்க பழைய வீடு இல்ல மேன். இடிச்சுட்டு ஜிம்மு கட்டிட்டான். கண்ணாடிக்கு அந்தாண்ட ஒருத்தன் ஓடுறான் ஓடுறான், நின்ன இடத்துலயே நிக்கிறான். அவர்கிட்ட எதுவும் உளறிடாத. வீடு அப்படியே இருக்குன்னு நான் வந்து சொல்லிக்கிறேன்."

"சரி ஆன்ட்டி" என்றேன். போனை வைத்த பிறகுதான் கவனித்தேன், அங்கிளின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என் சட்டைப்பையில் போட்டுவைத்திருந்தேன்.

எங்கள் ரயிலைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒரு வாரம் ஊர் ஊராகப் போகும். ராத்திரியெல்லாம் ஓடும், பகலில் ஏதாவது ஒரு ஊரில் நின்று அரண்மனை, கோயில், அருவி என்று காட்டும். உள்ளே தேக்கு மர அறைகள், வெள்ளிக் கரண்டிகள், காலில் புதையும் கம்பளம். அதில் நான் காபின் அட்டென்டன்ட். பெங்களூர் லிங்கராஜபுரத்தில் சிங்கிள் பெட்ரூம் வீட்டில் பிறந்து வளர்ந்த என் தலையில் ஜரிகைத் தலைப்பாகை ஒன்றைக் கவிழ்த்திருக்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் என்னோடு நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். எந்த ராஜவம்சம் என்று ஒரு ஜெர்மன்காரி கேட்டதற்கு, 'பஸ் டிப்போ பின்னால் இருந்து ஆண்டுகொண்டிருந்தோம்' என்று சொன்னேன். குறித்துக்கொண்டாள்.

ஊர் சுற்றிவிட்டு விருந்தினர்கள் திரும்பும் ஒவ்வொரு முறையும் பிளாட்பாரத்தில் வரவேற்பு நடக்கும். மேளக்காரர் கிருஷ்ணப்பாவின் ஆட்கள் தமட்டைப் பறை அடிப்பார்கள். நாங்கள் வரிசையில் நின்று ஒவ்வொருவர் கழுத்திலும் சாமந்தி மாலை போடவேண்டும். எந்த ஊராக இருந்தாலும், வெறும் டாய்லெட்டுக்கு இறங்கி ஏறியவராக இருந்தாலும் மாலை உண்டு. டெஸ்மண்ட் அங்கிள் முதல்நாளே கேட்டுவிட்டார்: "என்ன மேன், இப்பவே மாலை போட்டு என்னைப் பழக்குறீங்களா?"

அவர்கள் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்திலிருந்து வந்தவர்கள். மகள் டீனா கல்யாண நாள் பரிசாக அனுப்பிவைத்தது. கல்யாணமான புதிதில் பெங்களூர் மர்பி டவுனை விட்டுப் போனவர்கள். தமிழ் மட்டும் பிரிட்ஜில் வைத்தமாதிரி அப்படியே இருந்தது. அங்கிள் ஆறடிக்கு மேல். எங்கள் கட்டிலும் போர்வையும் அவருக்குப் பத்தாது. தலையை மூடினால் கால் வெளியே வரும், காலை மூடினால் தலை. "ஏதாவது ஒண்ணுதான் மேன் குளிராம இருக்கும், எதுன்னு நீயே சொல்லு" என்பார். இரண்டாவது நாளிலிருந்தே மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. அதன்பிறகு எந்த ஊரிலும் அவர் இறங்கவில்லை. ஆன்ட்டி மட்டும் போய்விட்டு வருவார். வரிசையில் தன் மாலையை வாங்கிக்கொண்டு, "அங்கிள் பங்கு?" என்று கையை நீட்டுவார். நான் இன்னொன்று கொடுப்பேன். அதை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு போய் அறையில் அவர் கழுத்தில் போட்டுவிட்டு, பார்த்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொல்வார். அவர் பாதியில் தூங்கிப்போவார்.

பெங்களூர் கடைசிக்கு முந்தின நிறுத்தம். மற்றவர்கள் பஸ்ஸில் அரண்மனைக்கும் லால்பாகுக்கும் போனார்கள். ஆன்ட்டிக்குப் போக மனசில்லை. அங்கிள்தான் விரட்டினார். "போடி, போய் வீடு இருக்கான்னு பாரு. பச்சைக் கதவு. போட்டோ எடுத்துட்டு வா." ஆன்ட்டி ஆட்டோ ஏறும்முன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ கூடவே இரு. ஏதாச்சும்னா முதல்ல எனக்குச் சொல்லணும். டீனாவுக்கு இல்ல, எனக்கு" என்றார். சத்தியமாக என்றேன். தலைப்பாகையில் கையை வைத்துக்கூடச் சொன்னேன்.

கூடவேதான் இருந்தேன். ரசம் சாதம் இரண்டு ஸ்பூன் சாப்பிட்டார். ஜோக் ஒன்று சொல்லு என்றார். எங்கள் சர்ச்சில் மைக் ஆனில் இருப்பது தெரியாமல் பாடகர் குழுவின் யூஜின் தன் மாமியாரைப் பற்றிப் பேசிய கதையை ஆரம்பித்தேன். நீளமான கதை, எல்லாக் குரலிலும் பேசிக்காட்டவேண்டும். நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தார். மாமியார் எழுந்து நிற்கும் இடத்தில் நானும் எழுந்து நின்று, கைதட்டலுக்கு நிற்பதுபோல நின்றேன். கதையை முடித்துவிட்டுத்தான் அவரைப் பார்த்தேன்.

க்ளென் சார் எங்கள் ரயிலின் மேனேஜர். கெட்டவர் இல்லை, கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அறைக்குள் வந்து சிலுவை போட்டுக்கொண்டார். போர்வையை முகம்வரை இழுத்துவிட்டார். கால்கள் வெளியே வந்தன. கீழே இழுத்துப் பார்த்தார். முகம் வந்தது. மறுபடி மேலே இழுத்துவிட்டு என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

"போன்ல சொல்லிடலாம் சார்" என்றேன்.

"ஆட்டோல தனியா வர்ற வயசான பொம்பளைகிட்டயா? அதுவும் நீயா? நீ குட்மார்னிங் சொன்னாலே ஜனங்க சிரிக்கிறாங்க கிளெமென்ட்." தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பார்சல் ஆபீஸ் கேட்ல போய் நில்லு, ஆட்டோ அங்கதான் வரும். பின்பக்கமா என் ரூமுக்குக் கூட்டிட்டு வா. டாக்டர் இருப்பாரு. உக்கார வெச்சு சொல்லலாம். மத்த கெஸ்ட்டுங்க ஏறி டீ குடிக்க உக்காந்தப்புறம் ஆம்புலன்ஸ். அதுவரைக்கும் யாருக்கும் தெரியக்கூடாது. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணுப்பா."

கேட்டில் நின்றேன். அறைவரைக்கும் ஆன்ட்டியைப் போகவிடக்கூடாது, க்ளென் சார் ரூமுக்குப் போவதற்கு முன்னாலேயே நானே சொல்லிவிடவேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். சத்தியம் செய்தவன் நான்தானே. எப்படிச் சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். 'ஆன்ட்டி, அங்கிள் போயிட்டாரு.' எங்கே போனார் என்பார். 'ஆன்ட்டி, கொஞ்சம் உக்காருங்க.' பார்சல் மூட்டைகளைத் தவிர உட்கார அங்கே ஒன்றும் இல்லை. வருகிற ஒவ்வொரு ஆட்டோவுக்குள்ளும் குனிந்து பார்த்தேன். தலைப்பாகையும் ஜரிகைக் கோட்டும் போட்ட ஒருவன் இப்படிக் குனிவதைப் பார்த்து ஒரு டிரைவர், "ஏன் சார், மதுவே மனேனா?" என்று கல்யாண வீடா என்கிற மாதிரி கன்னடத்தில் கேட்டான்.

அப்போது பிளாட்பாரத்தில் தமட்டை கேட்டது.

பின்னால்தான் தெரிந்தது. எங்கள் கைடு மமதா இரக்கமுள்ள பெண். பஸ் உல்சூர் சிக்னலில் நின்றபோது, ஆன்ட்டி வெயிலில் ஆட்டோக்காரனோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து, கதவைத் திறந்து ஏற்றிக்கொண்டுவிட்டாள். பஸ் எப்போதும்போல முன்வாசலுக்கு வந்தது. நான் ஓடினேன். தலைப்பாகை வழியில் விழுந்தது. எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினேன். வரிசையில் என் இடத்தில் மாலைத் தட்டோடு நின்றிருந்த விஜி, "எங்க போய்த் தொலைஞ்ச? என் லைன்ல ஆளில்ல" என்று தட்டை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள். அவளுக்கும் தெரியாது. கிருஷ்ணப்பா மர்பி டவுன் பக்கம் சாவுக்கும் அடிப்பவர். இங்கே கொஞ்சம் வேகம் கூட்டுவார், அவ்வளவுதான்.

ஆன்ட்டி என் முன்னால் வந்து கழுத்தைக் குனிந்தார். மாலையைப் போட்டேன். கை பழகிய கை, அதுபாட்டுக்குப் போட்டது.

"ஆன்ட்டி, அங்கிள்..."

"இருடா, முதல்ல இதப் பாரு." போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். தமட்டைச் சத்தத்தில் கத்திப் பேசினார். "பக்கத்துச் சந்துல ஒரு பழைய வீடு. அதே ஓடு. கதவு நீலம், ஆனா வெயில்ல பச்சை மாதிரி விழுந்திருக்கு பாரு. கண்ணாடி இல்லாம பாத்தார்னா நம்பிடுவாரு. கண்ணாடிய மட்டும் எங்கயாச்சும் ஒளிச்சு வெச்சிடு மேன்."

என் சட்டைப்பையில் அது இருந்தது.

"ஆன்ட்டி, நான் சொல்றதக் கேளுங்க..."

என் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். நான் எதையோ ஆரம்பிக்கிறேன் என்று நினைத்துவிட்டார். ஒரு வாரமாக இந்த முகத்தை வைத்துக்கொண்டு அவரைச் சிரிக்க வைத்தவன் நான்தான். "அப்புறம் சொல்லு, அவரும் கேக்கட்டும்" என்று கன்னத்தில் தட்டினார். "அங்கிள் பங்கு?"

நான் கொடுக்கவில்லை. அவரே தட்டிலிருந்து எடுத்து மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு படியேறிவிட்டார்.

தட்டை யார் கையில் கொடுத்தேன் என்று தெரியவில்லை. நடைவழி ஒரு ஆள் போகும் அகலம். முந்திப் போக வழியில்லை. முன்னால் அவர், பின்னால் நான். க்ளென் சார் ரூம் வேறு பெட்டியில் இருந்தது. சாமந்தி இதழ்கள் காலையில் நான் சுத்தம் செய்த கம்பளத்தின்மேல் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே போயின. அறைக் கதவின் முன்னால் நின்று புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். உதட்டை ஒருமுறை சிரிப்பாக வைத்துப் பார்த்துக்கொண்டார். பொய் சொல்லிப் பழகாதவர்கள் அப்படித்தான் ஒத்திகை பார்ப்பார்கள்.

"ஆன்ட்டி" என்றேன். வெளியே தமட்டை நின்றுவிட்டதால் அது பெரிதாகக் கேட்டது.

அவர் திரும்பி, உதட்டில் விரலை வைத்தார். "ஷ். தூங்குறாருன்னு நீதானே சொன்ன."

பிறகு சத்தம் வராமல் கைப்பிடியைத் திருப்பினார். கதவு கொஞ்சம் திறந்தது. முதலில் தெரிந்தது கட்டிலின் கால்மாடு. போர்வைக்கு வெளியே இரண்டு பாதங்கள், ஒன்றில் சாக்ஸ் இருந்தது.