பதினேழாம் படம்

ராஜையா பழைய போர்ப் படப் புத்தகங்களைச் சேர்ப்பவர். பாறசாலை மிஷன் பள்ளியில் வாத்தியார். வெள்ளைக்காரப் பாதிரிகள் ஊர் திரும்பும்போது பங்களாச் சாமான்களை ஏலம் விடுவார்கள். மற்றவர்கள் கட்டிலுக்கும் கண்ணாடிக்கும் கேட்பார்கள். அவர் புத்தகப் பெட்டிக்குக் கேட்பார்.

அப்படி வந்த ஒன்று கிரிமியப் போர் பற்றியது. நூறு வருஷப் பழசு. வண்ணப் படங்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு மெல்லிய தாள். பதினேழாம் படம் மட்டும் இல்லை. அதன் மேல் கிடந்த தாள் இருந்தது. படத்தின் மங்கலான நிழல் அதில் பதிந்திருந்தது: குனிந்த ஒருவன், ஒரு குதிரை. தலைப்பு புத்தகத்தின் முன்பக்கப் படப் பட்டியலில் இருந்தது: ‘கொள்ளைக்காரன், போருக்கு மறுநாள் காலை.’ கொல்லத்திலும் மதராசிலும் பழைய புத்தகக் கடைகளில் தேடினார். கிடைக்கவில்லை.

ஐம்பத்து நாலில், திருவிதாங்கூர்-கொச்சியின் தமிழ்த் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டுப் போன ஊர்வலத்தைப் போலீஸ் சுட்டது. அவருடைய பழைய மாணவன் ராபின்சனுக்குத் தொடையில் குண்டு பாய்ந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டான் என்று கேள்விப்பட்டு, பார்க்கத் திருப்புறத்தில் அவன் வீட்டுக்குப் போனார்.

அவன் கட்டிலுக்கு மேலே, சட்டத்துக்குள், பதினேழாம் படம் தொங்கியது.

ராஜையா உட்காரவில்லை.

“என்ன சாரே, என்னப் பாக்க வந்தியளா, படத்தப் பாக்க வந்தியளா?” என்றான் ராபின்சன்.

“நல்ல சமாரியனாக்கும்,” என்றாள் அவன் அம்மா ஆனந்தபாய். “எங்க மாமனாரு சபையில உபதேசியாரா இருந்தப்போ பங்களா வெள்ளக்காரம்மா குடுத்தது. இதுக்குக் கீழதான் எங்களுக்கு ஜெபம்.”

சமாரியன் பைபிள் கதையில் வருபவன்; வழியில் அடிபட்டுக் கிடந்த அந்நியனைத் தூக்கிக் காப்பாற்றியவன். படத்தின் தலைப்பை யாரோ வெட்டியிருந்தார்கள். விழுந்து கிடந்தவன் மேல் ஒருவன் குனிந்திருந்தான். குதிரை நின்றது. தூரத்தில் இரண்டு அதிகாரிகள் முதுகு காட்டிப் போனார்கள்.

“அது அடிபட்டவனப் பாக்காமப் போன ஆசாரியனும் லேவியனும்,” என்றாள் ஆனந்தபாய்.

“அடிபட்டவன் எந்தக் கட்சி சாரே? எங்க ஆளா, திரு-கொச்சி ஆளா?” என்றான் ராபின்சன்.

“எலே, சும்மா கெட.”

உள்ளதைச் சொன்னால் போதும். திருடனின் கீழே யாரும் முழங்கால் போடமாட்டார்கள். படம் கைக்கு வந்துவிடும். ராஜையா அதைக் கழற்றி அவளிடம் கொடுத்தார்.

“ஆனந்தபாய், இது சமாரியன் இல்ல. விழுந்தவனுக்க பையில கைய விட்டுக் களவெடுக்கான். எனக்க புத்தகத்துல போட்டிருக்கு.”

அவள் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். குனிந்தவனின் கை மற்றவன் உடுப்புக்குள் இருந்தது. முகம் தெரியவில்லை.

“எனக்க மகனச் சுமந்துட்டு வந்தது ஆருண்ணு தெரியாது சாரே,” என்றாள். “ஆஸ்பத்திரி வாசல்ல கெடத்தீட்டு, இவனுக்க கையில கெடந்த வாட்ச அவுத்துட்டுப் போயிட்டான்.”

“நல்ல வாட்சு,” என்றான் ராபின்சன்.

“போட்டும் மக்கா. சுமந்தானில்லா.”

மறுபடியும் படத்தைப் பார்த்தாள்.

“இவனும் பொறவு தூக்கியிருப்பான். படம் வரஞ்சவன் அதுக்கு முன்னயே எழும்பிப் போயிருப்பான்.”

ராஜையா அந்தப் படம் புத்தகத்துக்கு வேண்டும் என்று கேட்கவில்லை.

“மாட்டுங்க சாரே. எனக்கு எட்டாது.”

மாட்டினார்.

“வலப்பக்கம் சரிஞ்சிருக்கு,” என்றான் ராபின்சன், படுத்தபடியே.

ராஜையா நேராக்கினார்.