பத்து நாள் மூத்த குட்டிகள்

என் மனைவி கசுயேயின் அண்ணன் ஷிகெயோ, பிரெஞ்சு புல்டாக் வளர்த்து விற்பவர். அந்தச் சாதி நாய்க்குத் தலை பெரியது, இடுப்பு குறுகல். பெரும்பாலும் வயிற்றைக் கிழித்துத்தான் குட்டியை எடுக்க வேண்டும். எங்கள் ஊரான இச்சினோசெக்கியில் அவருடைய நாய்களுக்கெல்லாம் கத்தி வைத்தது கால்நடை மருத்துவரான நான்தான். அப்படி எடுத்தால் மருத்துவர் பிறப்புச் சான்றிதழ் தர வேண்டும் என்பது சட்டம். ஐம்பத்தாறு நாள் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்பதும் சட்டம். ஆக, குட்டி எப்போது தாயை விட்டுக் கடைக்குப் போகலாம் என்பது நான் எழுதும் தேதியில் இருந்தது.

"கைக்குள்ள அடங்குற குட்டியைத்தான் கடைக்காரங்க கேக்கறாங்க மாப்ள. ரெண்டு மாசம் ஆனா கன்னுக்குட்டி மாதிரி ஆயிடுது, எவன் திரும்பிப் பாப்பான்? பத்து நாள் முன்னாடி போடு. நாய் என்ன காலண்டரா பாக்குது?" என்றார் ஷிகெயோ.

முதல் முறை மறுத்தேன். இரண்டாம் முறை எழுதிக் கொடுத்தேன். ஒரு யென் வாங்கியதில்லை. இலையுதிர் காலத்தில் ஒரு பெட்டி ஆப்பிள் வரும், அதுவும் உறவுமுறைக்கு. கைநீட்டி வாங்கவில்லையே என்பதுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம்.

இந்த வருடம் பிப்ரவரி ஏழாம் தேதி நான்கு குட்டிகளை எடுத்தேன். ஜனவரி இருபத்தெட்டு என்று எழுதி என் முத்திரையைக் குத்தினேன்.

ஏப்ரலில் ஒரு மழை நாளன்று விலங்கு நல அலுவலகத்திலிருந்து உசுயி என்ற பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். கிளினிக் வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் கசுயே எழுந்து போய்த் தேநீர் கொண்டுவந்தாள்.

"டாக்டர், தப்பா நினைக்காதீங்க. செண்டாய் நகரத்துல ஒரு குடும்பம் வாங்குன குட்டி, உங்க சான்றிதழோட. வந்த மறுநாள்லேர்ந்து வயித்துப்போக்கு, ஓயாத அழுகை. அங்க இருக்கற டாக்டர் வாயைத் திறந்து பாத்துட்டு, இது ஏழு வாரம்கூட ஆகாத குட்டின்னு சொல்லிட்டாராம்."

குட்டியின் வாயைப் படம் எடுத்துக் கொண்டுவந்திருந்தாள். கடைவாய்ப் பற்கள் பாதிதான் முளைத்திருந்தன. அந்த டாக்டர் சொன்னது சரி என்று பார்த்ததும் தெரிந்தது.

"இந்தச் சாதிக்குப் பல்லு லேட்டாத்தான் வரும்மா. அதை வச்சு வயசு சொன்னா ஏமாந்து போகணும்" என்றேன். அதோடு விடவில்லை. அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து, பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன். அதில் இருந்ததும் உண்மைதான். அவள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

பிறகு எழுந்து நின்று, இடுப்பை வளைத்து ஆழக் குனிந்தாள்.

"ஓரிகாசா டாக்டர் முத்திரை இருந்தா கேள்வியே வேண்டாம்னு எங்க ஆபீஸ்ல எல்லாரும் சொன்னாங்க. நான்தான் சந்தேகப்பட்டு வந்து நின்னேன். மன்னிச்சிடுங்க."

அவள் தலைமுடியில் மழைத்துளிகள் காயாமல் இருந்தன. குனிந்தவள் எளிதில் நிமிரவில்லை. "பரவாயில்லைம்மா, உங்க வேலை அது" என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். என் குரல் எனக்கே அருவருப்பாக இருந்தது. அவள் போன பின் கோப்பைகளை எடுக்க வந்த கசுயேயின் முகத்தைப் பார்க்காமல் கை கழுவப் போனேன்.

நான்கு நாள் கழித்து ஷிகெயோ இன்னொரு சினை நாயோடு வந்தார்.

"சமாளிச்சுட்டியாமே! படிச்ச மாப்பிள்ளை வீட்டுக்கு ஒருத்தன் வேணும்டா" என்று முதுகில் தட்டினார்.

மூன்று குட்டிகளை எடுத்தேன். சான்றிதழில் அன்றைய தேதியை எழுதினேன். அவர் வாங்கிப் பார்த்தார்.

"என்ன விளையாட்டு இது?"

"இன்னிக்குத்தானே பொறந்துச்சு மச்சான்."

"திடீர்னு புத்தர் ஆயிட்டியா? பழசெல்லாம் யாரு எழுதினது, நானா? மாட்டினா மொதல்ல நீதான்."

நான் தேதியை மாற்றவில்லை. அவர் குட்டிகளின் கூடையை வாரிக்கொண்டு, நாயோடு வண்டியேறிப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் கசுயேயிடம், உசுயியைப் பார்த்துச் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். என் மனைவிக்கு எதுவும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

"எத்தனை சான்றிதழ்னு சொல்லப்போறீங்க?"

"ஒண்ணு ரெண்டு இருக்கும்."

"பதினொண்ணு. நான்தானே டைப் அடிச்சுக் கொடுத்தேன். ஆபரேஷன் துணியைத் துவைச்சவளுக்கு நாள் தெரியாதா?" என்றாள். பிறகு, "நானும் வர்றேன். என் பேரையும் சொல்லுங்க" என்றாள்.

மறுநாள் அலுவலகத்தில், எல்லா மேசைகளுக்கும் கேட்கும்படிதான் சொல்ல வேண்டியிருந்தது, தனி அறை இல்லை. உசுயி கோபப்படவில்லை. கழுத்து மட்டும் சிவந்தது.

"உங்க புத்தகத்துல இருந்ததை இங்க எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்துட்டேன் டாக்டர். இனிமே பல்லைப் பாத்து யாரையும் சந்தேகப்படக் கூடாதுன்னு."

பக்கத்து மேசையில் இருந்த இளைஞன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்காக அவன் வெட்கப்பட்டான்.

"அந்தக் குட்டி?" என்று கேட்டேன்.

"தேறிடுச்சு. ஆனா ஆள் நகர்ந்தாலே நடுங்குதாம்."

ஷிகெயோவுக்கு மூன்று மாதம் விற்பனைத் தடை வந்தது. என்மேல் விசாரணை இன்னும் முடியவில்லை. கிளினிக்கை நானே மூடிவிட்டேன்.

ஆகஸ்டில், முன்னோரை வணங்கும் ஓபோன் நாட்களில் கசுயே தன் பெற்றோரின் கல்லறைக்குப் போக வேண்டும் என்றாள். அண்ணன் வருவதற்குள் திரும்பிவிடலாம் என்று காலையிலேயே கிளம்பினோம். நான் கோயில் வாசலில் காரிலேயே இருந்தேன். ஆனால் அவரும் அன்று சீக்கிரமே வந்துவிட்டார். கையில் பூங்கொத்தோடு என் வண்டியைத் தாண்டி நடந்தார். அறுபத்தொரு வயதில், ஸ்டியரிங்குக்குக் கீழே தலையைத் தாழ்த்தி ஒளிந்துகொண்டேன்.

அரைமணி நேரம் கழித்துக் கசுயே வந்து கதவைத் திறந்தாள்.

"அண்ணன் உங்களைப் பாத்துட்டான். இந்த வெயில்ல ஏன் வண்டிக்குள்ள கெடக்கறான்னு கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

"அவர்கிட்டயே கேளுன்னேன்" என்று பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். நான் வண்டியைக் கிளப்பினேன்.