ஒரே சீரான நெஞ்சு

டொக்டர் திருச்செல்வத்தின் ஆராய்ச்சிக்குச் சுகதேகியான குழந்தை இன்னும் ஒன்று மட்டும் குறைந்தது. மறுநாள் கொழும்பில் மகாநாடு. கணக்கு நிரம்பாவிட்டால் மேடையில் அவருக்குப் பதிலாக வேறொருவர் பேசுவார். அந்த வேறொருவரை நினைத்து இரண்டு இரவு தூங்காமல், ஹந்தானைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுக்கு மூச்சிரைக்க ஏறி வந்திருந்தார்.

கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுச் செல்லும் அந்த அறையில், கொண்டுவந்த இதயத்துடிப்பு மெசினை வயர்களோடு இறக்கிவைத்து, கழுத்துப்பட்டியை இழுத்துச் சரிசெய்துகொண்டு அவர் பிரசங்கத்தைத் தொடங்கினார்.

"சுகமான பிள்ளையின்ர இதயம் மணிக்கூடு மாதிரி அடிக்காது. மூச்சை இழுக்கேக்க ஓடும், விடேக்க ஆறும். துடிப்பின்ர வேகத்தைக் காட்டுற கோடு திரையில மலை மாதிரி ஏறி இறங்கவேணும். தட்டையாக் கிடந்தால்தான் யோசிக்கவேணும். விளங்குதோ?"

நன்றாகவே விளங்கியது. ஆனாலும் பிள்ளையை விட்டுவிட்டுக் கொழுந்தெடுக்கப் போக வந்திருந்த அன்னலட்சுமி மகளை இடுப்பிலிருந்து இறக்கவில்லை.

"இங்க பால்மா கரைச்சா ஆயம்மாதாங்க மொதல்ல ஒரு வாய் குடிச்சுக் காட்டணும். பொறகுதான் புள்ளைக்கு. நீங்களும் மொதல்ல ஒங்க நெஞ்சுல ஒட்டிக் காட்டுங்க ஐயா."

"ஆமாங்க. குடிச்சுக் காட்டியே நான் இப்புடிப் பெருத்துட்டேன்" என்று ஆயா வேலாயி சாட்சி சொன்னாள்.

டொக்டர் பெருந்தன்மையோடு சட்டையைக் கழற்றினார். பிள்ளைகளின் பாயில் கால் தரையில் நீளப் படுத்து, வயர்களை நெஞ்சில் ஒட்டிக்கொண்டார். கோடு புறப்பட்டது. கட்டுகஸ்தோட்டைப் பாலம் மாதிரி மட்டமாகவே போய்க்கொண்டிருந்தது.

"ஐயையோ, தட்டையாவுல்ல போகுது!" என்றாள் வேலாயி.

"அது வந்து... நித்திரை காணாது. நாளைக்குக் கொழும்பில மகாநாடு, அந்த வேலை. மெசினும் கொஞ்சம்..." என்று டொக்டர் எழப் பார்த்தார்.

"மெசினு கோளாறுன்னா அத எம் புள்ளைக்கு ஏன் ஒட்டுறீங்க?" என்றாள் அன்னலட்சுமி. "மெசினு சரின்னா நீங்க ஏன் எந்திரிக்கிறீங்க?"

மெசினைக் கைவிட்டால் ஆராய்ச்சி முழுவதும் போய்விடும். டொக்டர் தம் நெஞ்சையே கைவிட்டார்.

"மெசின் சரிதான்" என்று முனகினார்.

"அப்ப சரி" என்று அன்னலட்சுமி மகளை அடுத்த பாயில் கிடத்தினாள். சட்டையில்லாத டொக்டரைப் பார்த்த அதிசயத்தில் குழந்தை ஆடாமல் அசையாமல் கிடந்தது. வயர்கள் இடம் மாறின. திரையில் மலை மலையாக ஏறி இறங்கியது கோடு. கணக்கு நிரம்பிவிட்டது.

டொக்டர் சட்டையை எடுக்கக் கை நீட்டினார்.

"கொத்தமல்லி கொதிக்குதுங்க. குடிச்சிட்டு ஒரு தூக்கம் போட்டு எந்திரிங்க" என்றாள் வேலாயி. "கொழும்பு நாளைக்குத்தானே?"

அவர் மறுபடியும் படுத்துக்கொண்டார்.